ஒரே ஆள் இருந்த இசைக்குழு

1994 அக்டோபர் 17. அமெரிக்காவின் சியாட்டில் நகரத்துக்கு வடக்கே ஷோர்லைன் என்ற ஊர். அங்கே மலைச்சரிவைக் குடைந்து, ஒரு வீட்டுக்கு அடியிலேயே கட்டப்பட்ட ராபர்ட் லாங் ஸ்டூடியோவுக்குள் இரண்டு பேர் போகிறார்கள். ஒருவர் டேவ் க்ரோல், வயது 25. இன்னொருவர் அவருடைய பழைய நண்பர் பேரெட் ஜோன்ஸ், ஒலிப்பதிவாளர். வாசிக்க வேறு யாரும் வரவில்லை, வருவதாகவும் இல்லை.

ஆறு நாட்களுக்கு இடம் எடுத்திருந்தார்கள். முடிந்தபோது டேப்பில் 15 பாட்டுகள் இருந்தன. டிரம்ஸ், கிடார், பேஸ், குரல் எல்லாம் க்ரோல். அவற்றில் 12 பாட்டுகள் 1995 ஜூலை 4 அன்று 'ஃபூ ஃபைட்டர்ஸ்' என்ற பெயரில் ஆல்பமாக வந்தன. போஸ்ட்-கிரஞ்ச் என்று பின்னாளில் பெயர் பெற்ற ராக் வகையைப் பற்றி யார் எழுதினாலும் இந்த ஆல்பம் முதல் சில பெயர்களுக்குள் வந்துவிடும். கேட்டுப் பார்த்தாலோ, அந்த வகையில் வந்த மற்ற ஆல்பங்களோடு இது ஒட்டவே ஒட்டாது. அதற்கான காரணம் அந்த ஆறு நாட்களுக்குள்ளேயே இருக்கிறது என்பது என் எண்ணம்.

முதலில் கிரஞ்ச். 1980களின் பிற்பாதியில் சியாட்டில் பக்கம் உருவான இசை அது. பங்க் இசையின் கோபமும் வேகமும், ஹெவி மெட்டலின் கனமும் கலந்தது. கிடாரின் ஒலியை வேண்டுமென்றே கரகரப்பாக்கி, பாடலின் சரணத்தை மெதுவாக வைத்து, பல்லவியில் எல்லாவற்றையும் திறந்துவிடுவார்கள். பாடுகிறவர்களிடம் அலங்காரம் இருக்காது, வலி இருக்கும். சப் பாப் என்ற சிறிய உள்ளூர் நிறுவனம் வெளியிட்டுக்கொண்டிருந்த இந்த இசையை உலகம் முழுக்கக் கொண்டுபோனது நிர்வானா. 1991 செப்டம்பரில் வந்த அவர்களுடைய 'நெவர்மைண்ட்' ஆல்பம், அடுத்த ஜனவரியில் மைக்கேல் ஜாக்சனின் 'டேஞ்சரஸ்' ஆல்பத்தைத் தள்ளிவிட்டு, அமெரிக்க ஆல்பம் விற்பனையைக் காட்டும் பில்போர்டு பட்டியலின் முதலிடத்துக்கு வந்தது. மூன்று பேர் கொண்ட குழு அது. பாடகரும் கிடார்க்காரருமான கர்ட் கோபேன், பேஸ் வாசித்த கிறிஸ்ட் நோவோசெலிக், டிரம்ஸ் வாசித்த டேவ் க்ரோல்.

க்ரோல் சியாட்டில்காரர் இல்லை. ஒஹையோவில் பிறந்து, வர்ஜீனியாவில் வளர்ந்தவர். அம்மா பள்ளி ஆசிரியை. பதினேழு வயதில் படிப்பை விட்டுவிட்டு 'ஸ்க்ரீம்' என்ற பங்க் குழுவில் டிரம்ஸ் வாசிக்கப் போனார். 1990 செப்டம்பரில் நிர்வானாவில் சேர்ந்தார். அதற்கு முன்பு அங்கே நாலைந்து டிரம்மர்கள் வந்து போயிருந்தார்கள். கடைசியாக வந்த க்ரோலின் கைக்குச் சத்தம் அதிகம். அந்தக் குழுவில் பாட்டு எழுதுகிறவர் கோபேன் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, க்ரோலுக்கும் இல்லை.

ஆனால் க்ரோல் சின்ன வயதிலிருந்தே பாட்டு எழுதிக்கொண்டுதான் இருந்தார். பன்னிரண்டு வயது வாக்கில் அவர் ஒரு வித்தையைக் கண்டுபிடித்தார். வீட்டில் இரண்டு டேப் ரெக்கார்டர்கள். ஒன்றில் கிடார் வாசித்துப் பதிவு செய்வார். அதை ஓடவிட்டு, கூடவே இன்னொன்றை வாசிப்பார். இரண்டும் சேர்ந்து வருவதை அடுத்த ரெக்கார்டரில் பிடிப்பார். கேசட் காலத்தில் வளர்ந்தவர்களுக்கு இதன் சந்தோஷம் புரியும்: தனியாக உட்கார்ந்திருக்கும் பையன், ப்ளே பட்டனை அழுத்தினால் ஒரு கூட்டமே வாசிக்கிறது. தொழில்முறையில் இதற்கு ஓவர்டப் என்று பெயர். ஷோர்லைனில் அவர் செய்தது இதே வேலைதான், கருவிகள் மட்டும் பெரியவை.

இடையில் பேரெட் ஜோன்ஸ் வருகிறார். பெற்றோர் வீட்டில் துணி துவைக்கும் அறையில் ஒலிப்பதிவைத் தொடங்கியதால் அவருடைய ஸ்டூடியோவுக்கு 'லாண்டரி ரூம்' என்றே பெயர். நிர்வானாவின் பயணங்களுக்கு நடுவே க்ரோல் அவரிடம் போய், தன் பாட்டுகளைத் தானே எல்லாக் கருவிகளும் வாசித்துப் பதிவு செய்துவைப்பார். அப்படிச் சேர்ந்தவற்றில் சில 1992-இல் 'பாக்கெட்வாட்ச்' என்ற கேசட்டாக வந்தன. போட்டுக்கொண்ட பெயர் டேவ் க்ரோல் அல்ல, 'லேட்!'. உலகின் மிகப் பெரிய ராக் குழு ஒன்றில் இருக்கும்போதே, தன் பாட்டை வேறு பெயரில், சின்ன கம்பெனி வழியாக, கேசட்டில் மட்டும் வெளியிட்ட மனிதர் இவர். அந்தக் கேசட்டில் இருந்த ஒரு பாட்டு 'மேரிகோல்ட்' என்ற பெயரில் 1993-இல் நிர்வானாவின் சிங்கிள் ஒன்றின், அதாவது ஒற்றைப் பாட்டு இசைத்தட்டின், பின்பக்கத்தில் இடம்பிடித்தது. நிர்வானாவின் பெயரில் வந்தவற்றில் க்ரோலே எழுதி அவரே பாடியது அது ஒன்றுதான்.

கோபேன் அவருடைய பாட்டுகளைக் கேட்டிருக்கிறார். 'அலோன் ப்ளஸ் ஈஸி டார்கெட்' பாட்டை அவரிடம் போட்டுக்காட்டிய நாளைப் பற்றி க்ரோல் பலமுறை சொல்லியிருக்கிறார். கோபேன் குளியல் தொட்டியில் உட்கார்ந்தபடி வாக்மேனில் அதைக் கேட்டாராம். முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றிவிட்டு க்ரோலுக்கு ஒரு முத்தம் கொடுத்தாராம். அந்தப் பாட்டு இந்த ஆல்பத்தில் இருக்கிறது. கோபேன் கேட்டு மகிழ்ந்த பாட்டு இது என்று தெரிந்தபின் அதை முன்பு போலக் கேட்க முடிவதில்லை.

1994 மார்ச் 1 அன்று மியூனிக்கில் நிர்வானாவின் கடைசிக் கச்சேரி. ஏப்ரல் 5 அன்று கோபேன் சியாட்டிலில் தன் வீட்டில் தற்கொலை செய்துகொண்டார். வயது 27. மூன்று நாள் கழித்துத்தான் உலகத்துக்குத் தெரிந்தது.

அதன்பின் மாதக்கணக்கில் க்ரோலால் இசை பக்கமே போக முடியவில்லை. ரேடியோவில் பாட்டு வந்தால் அணைத்துவிடுவார். எங்காவது ஒதுக்குப்புறமாகப் போகலாம் என்று அயர்லாந்தின் ரிங் ஆஃப் கெர்ரி பகுதிக்குப் போனார். கடற்கரையும் மலையும் கிராமத்துச் சாலைகளும் மட்டுமே உள்ள இடம். அங்கே ஒரு சாலையில் லிஃப்ட் கேட்டு ஒரு பையன் நிற்கிறான். ஏற்றிக்கொள்ளலாம் என்று வண்டியை மெதுவாக்கிக் கிட்டே போனபோது, அவன் போட்டிருந்த சட்டையில் கோபேனின் முகம். உலகத்தின் எந்த மூலைக்குப் போனாலும் இதிலிருந்து ஓட முடியாது, திரும்பிப் போய் வேலையைத் தொடங்கவேண்டியதுதான் என்று அந்த இடத்தில் முடிவு செய்ததாக அவர் சொல்லியிருக்கிறார்.

திரும்பி வந்து அவர் தேர்ந்தெடுத்த ஸ்டூடியோவைப் பாருங்கள். நிர்வானா கடைசியாகப் பதிவு செய்ததும் அதே ராபர்ட் லாங் ஸ்டூடியோவில்தான். 1994 ஜனவரி கடைசியில் மூன்று நாள். முதல் இரண்டு நாள் கோபேன் வரவில்லை. நோவோசெலிக்கும் க்ரோலும் தங்களுக்குள் வாசித்துக்கொண்டிருந்தார்கள், க்ரோலின் சில பாட்டுகளையும் பதிவு செய்து பார்த்தார்கள். மூன்றாம் நாள் கோபேன் வந்து 'யூ நோ யூ ஆர் ரைட்' பாட்டைப் பாடிவிட்டுப் போனார். ஒன்பது மாதம் கழித்து அதே கல் சுவர்களுக்கு நடுவே க்ரோல் தனியாக டிரம்ஸ் முன் உட்கார்ந்தார். ஊரில் வேறு ஸ்டூடியோக்கள் இல்லாமல் இல்லை.

இனி வேலை நடந்த விதம். சாதாரணமாக ஒரு ராக் குழு பாட்டுப் பதிவு செய்யும்போது, டிரம்மர் வாசிக்கையில் மற்றவர்களும் கூட வாசிப்பார்கள். அவர்கள் பக்கம் பார்த்து, எங்கே சரணம் முடிகிறது, எங்கே பல்லவி வருகிறது என்று தெரிந்துகொண்டு போகலாம். க்ரோலுக்குப் பார்க்க ஆள் இல்லை. பாட்டு முழுவதையும் மனசுக்குள் பாடிக்கொண்டே, வெறும் டிரம்ஸை முதலிலிருந்து கடைசிவரை வாசித்து முடிப்பார். உடனே, வியர்வை காய்வதற்குள், அடுத்த அறைக்கு ஓடி கிடாரை எடுப்பார். அப்புறம் பேஸ். தேவைப்பட்டால் இன்னொரு கிடார். ஒரு வாய் காபி, அடுத்த பாட்டு. ஒரு நாளைக்கு நான்கு பாட்டு என்ற கணக்கில் போயிற்று.

இந்த முறையின் விளைவு ஆல்பம் முழுக்கக் கேட்கிறது. டிரம்ஸ்தான் பாட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறது. கிடார் அதன்மேல் ஏறிச் சவாரி செய்கிறது. கிடார்க்காரர் எழுதி டிரம்மர் பின்தொடரும் பாட்டுகளில் இந்த அவசரம் இருக்காது. 'திஸ் இஸ் எ கால்' முதல் பாட்டு. கிடார் மட்டும் அமைதியாகத் தொடங்கி, குரல் சில வரிகள் பாடியதுமே டிரம்ஸ் கதவை இடித்துக்கொண்டு உள்ளே வரும். அந்த இடத்தை நூறு தடவையாவது கேட்டிருப்பேன், இன்னும் உடம்பு சிலிர்க்கிறது.

வெளியார் கை பட்டது ஒரே ஒரு இடத்தில். 'எக்ஸ்-ஸ்டாடிக்' பாட்டில் ஒரு கிடாரை வாசித்தவர் ஆஃப்கன் விக்ஸ் குழுவின் கிரெக் டல்லி. வேடிக்கை பார்க்க வந்திருந்தவரிடம் க்ரோல் கிடாரை நீட்ட, அவர் வாசித்தார். அவ்வளவுதான்.

எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டியது குரல். க்ரோலுக்குத் தன் குரல்மேல் நம்பிக்கை இல்லை. உலகம் கேட்டுப் பழகியிருந்தது கோபேனின் குரலை. அந்தக் குரலுக்குப் பின்னால் மூன்றரை வருடம் டிரம்ஸ் வாசித்தவர் இப்போது மைக் முன்னால் நிற்கிறார். அவர் என்ன செய்தார் என்றால், ஒரே வரியை இரண்டு தடவை, சில இடங்களில் நான்கு தடவை பாடி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார். இப்படி அடுக்கும்போது தனித்த குரலின் நடுக்கமும் பிசிறும் மறைந்துவிடும். ஒருவர் பாடுவது போலவும் இருக்கும், ஒரு சின்னக் கூட்டம் மெதுவாகச் சேர்ந்து பாடுவது போலவும் இருக்கும். ஹெட்போனில் 'ஃப்ளோட்டி' கேட்டால் இது தெளிவாகத் தெரியும். குரல் முன்னால் வந்து நிற்காமல் கிடார் ஒலிக்குள் பாதி முங்கியே இருக்கிறது. 'வீனி பீனி' பாட்டில் ஒரு படி மேலே போய், வார்த்தையே புரியாத அளவுக்குக் குரலைக் கரகரப்பாக்கிவிட்டார்.

வரிகளும் அப்படித்தான். பல வரிகளைப் பாடுவதற்குச் சற்று முன்புதான் எழுதினார். ஓசைக்காக வைத்த சொற்கள், தொடர்பில்லாத படிமங்கள், அர்த்தம் பிடிபடாத வாக்கியங்கள். 'வீனி பீனி' என்பதே வர்ஜீனியாவின் ஆர்லிங்டனில் உள்ள ஒரு சாலையோரத் தீனிக்கடையின் பெயர். 'ஓ, ஜார்ஜ்' பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசனுக்கு ஒரு வணக்கம். 'வாட்டர்ஷெட்' பெயரில் பேஸ் கலைஞர் மைக் வாட் ஒளிந்திருக்கிறார். ஆல்பம் வந்ததும் கேட்டவர்கள் எல்லோரும் வரிகளுக்குள் கோபேனைத் தேடினார்கள். 'ஐ'ல் ஸ்டிக் அரவுண்ட்' பாட்டின் கோபம் அவர்மேல்தான் என்று சிலர் முடிவே கட்டிவிட்டார்கள். க்ரோல் மறுத்தார். இதில் அவர் பக்கம் ஒரு எளிய உண்மை இருந்தது: பெரும்பாலான பாட்டுகள் கோபேன் உயிரோடு இருந்தபோதே எழுதப்பட்டவை.

நான் இந்த ஆல்பத்தைப் புரிந்துகொண்டது இந்த உண்மையிலிருந்துதான். துக்கத்தை வரிகளில் தேடுவது வீண். துக்கம் இருப்பது அவர் அதைச் செய்த விதத்தில். கூட வாசித்த நண்பன் போன பிறகு, கூட யாரையும் சேர்த்துக்கொள்ளாமல், கடைசியாகச் சேர்ந்து வாசித்த அதே இடத்துக்குப் போய், ஒவ்வொருவருடைய இடத்திலும் தானே போய் நின்று, ஒரு முழுக் குழுவின் சத்தத்தை எழுப்புகிறார். சோகமாக ஒரு பாட்டுகூடப் பாடவில்லை. பல இடங்களில் சந்தோஷமாகவே பாடுகிறார். 'பிக் மீ' இரண்டு நிமிடத்துக்குச் சற்றே கூடுதலான ஒரு காதல் பாட்டு, கிரஞ்ச் காலத்தின் எந்தக் குழுவும் பாடத் தயங்கியிருக்கும் அளவுக்கு இனிப்பானது. 'ஃபார் ஆல் த கௌஸ்' சரணம் ஹோட்டல் மூலையில் வாசிக்கும் ஜாஸ் போல மிருதுவாகப் போய், பல்லவியில் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும். கடைசிப் பாட்டான 'எக்ஸாஸ்டட்' மட்டும்தான் வேறு மாதிரி. மெதுவாக, கனமாக, கிடாரின் இரைச்சல் அலையலையாக வந்து போக, ஐந்தரை நிமிடத்துக்கு மேல் நீள்கிறது. களைத்துப் போனவன் என்று தலைப்பு. அதில் மட்டும் முகமூடி கொஞ்சம் விலகுவதாக எனக்குத் தோன்றும்.

பதிவு முடிந்ததும் அவர் ஆல்பம் வெளியிட ஓடவில்லை. 100 கேசட்டுகள் போட்டு நண்பர்களுக்குக் கொடுத்தார். பெயர் போட வேண்டுமே என்று வந்தபோது மறுபடியும் தன் பெயரைத் தவிர்த்தார். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் காலத்தில் நேச நாட்டு விமானிகள் இரவு வானத்தில் பார்த்த விளங்காத ஒளிகளுக்கு 'ஃபூ ஃபைட்டர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். பறக்கும் தட்டுகளைப் பற்றிய புத்தகங்களை அப்போது படித்துக்கொண்டிருந்த க்ரோல் அதை எடுத்துக்கொண்டார், பன்மையில். பெயரைப் பார்த்தால் பல பேர் இருப்பது போல இருக்கும், யார் என்று யாருக்கும் தெரியாது. இவ்வளவு நாள் நிலைக்கும் என்று தெரிந்திருந்தால் நல்ல பெயராக வைத்திருப்பேன் என்று பிறகு சொன்னார்.

1994 நவம்பரில் ஒரு குறுக்குப் பாதையும் திறந்தது. ராக் பாடகர் டாம் பெட்டியின் ஹார்ட்பிரேக்கர்ஸ் குழுவில் டிரம்மர் இடம் காலியாக இருந்தது. 'சாட்டர்டே நைட் லைவ்' என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு வாசிக்க க்ரோலைக் கூப்பிட்டார்கள். வாசித்தார், எல்லோருக்கும் பிடித்திருந்தது, தொடர்ந்து இருக்கவும் அழைப்பு வந்தது. டிரம்ஸுக்குப் பின்னால் பாதுகாப்பாக உட்கார்ந்துவிடலாம். அவர் வேண்டாம் என்றார். நோவோசெலிக்கைத் தன் குழுவில் சேர்த்துக்கொள்வதையும் யோசித்துப் பார்த்து விட்டுவிட்டார். அவர்கள் இருவருக்கும் அது இயல்பாக இருந்திருக்கும், ஆனால் வெளியே இருப்பவர்கள் அதில் நிர்வானாவைத்தான் பார்ப்பார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

கேசட்டுகள் கைமாறின. 1995 ஜனவரி 8 அன்று சியாட்டிலின் இன்னொரு கிரஞ்ச் குழுவான பேர்ல் ஜாமின் பாடகர் எடி வெட்டர் தான் நடத்திய ரேடியோ நிகழ்ச்சியில் இரண்டு பாட்டுகளை ஒலிபரப்பினார். பெரிய நிறுவனங்கள் தேடி வந்தன. ஒருகாலத்தில் நிர்வானாவை கெஃபன் நிறுவனத்துக்குக் கொண்டுவந்த கேரி கெர்ஷ் அப்போது கேபிடல் நிறுவனத்தின் தலைவராக இருந்தார். க்ரோல் அங்கே போனார், 'ராஸ்வெல்' என்ற தன் சொந்த வெளியீட்டு முத்திரையோடு. பறக்கும் தட்டு விழுந்ததாகச் சொல்லப்படும் நியூ மெக்சிகோ ஊரின் பெயர் அது. பாட்டுகளின் ஒலிக்கலவையை ராப் ஷ்னாப், டாம் ராத்ராக் இருவரும் மறுபடி செய்தார்கள். வாசித்ததை மாற்றவில்லை. ஆறு நாளில் பதிவானதுதான் கடைசிவரை நின்றது.

இப்போது மேடையில் வாசிக்க ஆட்கள் வேண்டும். 'சன்னி டே ரியல் எஸ்டேட்' என்ற சியாட்டில் குழு அந்தச் சமயத்தில் கலைந்துகொண்டிருந்தது. அதிலிருந்து பேஸ் வாசிக்க நேட் மெண்டல், டிரம்ஸுக்கு வில்லியம் கோல்ட்ஸ்மித். கிடாருக்கு பேட் ஸ்மியர். லாஸ் ஏஞ்சலஸின் ஜெர்ம்ஸ் குழுவில் இருந்தவர், நிர்வானாவின் கடைசிக் கச்சேரிகளில் இரண்டாவது கிடார் வாசித்தவர். 1995 வசந்த காலத்தில் மைக் வாட்டின் சுற்றுப்பயணத்தில், அவருக்கு முன்னால் மேடையேறும் குழுவாகப் போனார்கள். க்ரோல் ஒவ்வொரு இரவும் முதலில் தன் குழுவோடு பாடிவிட்டு, பிறகு வாட்டுக்கு டிரம்ஸ் வாசிக்க உட்கார்ந்தார். பாடகராக நிற்கக் கற்றுக்கொண்ட மாதங்கள் அவை. ஆகஸ்டில் இங்கிலாந்தின் ரெடிங் விழாவில் இவர்களுக்குக் கொடுத்தது பெரிய மேடை இல்லை, ஒரு கூடாரம். கூட்டம் தாங்காமல் ஆட்கள் கூடாரக் கம்பங்களில் ஏறினார்கள்.

ஆல்பம் பிரிட்டனில் மூன்றாம் இடத்துக்கும், அமெரிக்காவில் 23-ஆம் இடத்துக்கும் வந்தது. அமெரிக்காவில் பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டியது. அட்டையில் பக் ராஜர்ஸ் என்ற விண்வெளி சாகசக் கதைகளின் பழைய பொம்மைத் துப்பாக்கி ஒன்றின் படம். எடுத்தவர் க்ரோலின் அப்போதைய மனைவி ஜெனிஃபர் யங்பிளட். கோபேன் இறந்த விதத்தை நினைத்து, இது சரியா என்று சிலர் கேட்டார்கள். பறக்கும் தட்டு, விண்வெளி என்ற வரிசையில் வந்த படம்தான் என்றார் க்ரோல். எனக்கு அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த வருடம் அவர் கையில் எது இருந்தாலும் அதில் இன்னொருவரைத்தான் உலகம் பார்த்திருக்கும் என்பதற்கு இதுவும் ஒரு சாட்சி.

'பிக் மீ' வீடியோ மென்டோஸ் மிட்டாய் விளம்பரங்களைக் கிண்டல் செய்து எடுக்கப்பட்டது. மிகவும் ஓடியது, 1996-இல் எம்டிவி விருதும் வாங்கியது. விளைவு, கச்சேரிகளில் ரசிகர்கள் மிட்டாயைக் கைநிறைய அள்ளி மேடைமேல் வீசத் தொடங்கினார்கள். கல் மாதிரி வந்து விழும் மிட்டாய். கொஞ்ச காலம் அந்தப் பாட்டையே மேடையில் தவிர்க்க வேண்டியதாயிற்று.

1996-இல் கிராமி விருதுகளில், சிறந்த ஆல்டர்நேட்டிவ் இசைக்கான பரிந்துரைப் பட்டியலில் 'ஃபூ ஃபைட்டர்ஸ்' இருந்தது. விருது போனது நிர்வானாவின் 'எம்டிவி அன்ப்ளக்டு இன் நியூயார்க்' ஆல்பத்துக்கு. 1993 நவம்பரில் பதிவான அந்தக் கச்சேரியில், சத்தம் எழாமல் அடக்கி டிரம்ஸ் வாசித்தவர் க்ரோல்.

சரி, போஸ்ட்-கிரஞ்ச் விஷயத்துக்கு வருவோம். இந்தச் சொல் பிறக்கும்போதே ஒரு வசவாகத்தான் பிறந்தது. கிரஞ்ச் கோடிகளில் விற்றதும், நிறுவனங்களுக்கு அதே மாதிரி இன்னும் வேண்டியிருந்தது. கரகரத்த கிடார் இருக்க வேண்டும், ஆனால் ரேடியோவில் உறுத்தக் கூடாது. அமைதியும் வெடிப்பும் மாறி மாறி வர வேண்டும், பல்லவி உடனே நினைவில் நிற்க வேண்டும். அடிவயிற்றிலிருந்து வரும் கனத்த ஆண் குரல் வேண்டும். 1994 இறுதியில் லண்டனின் புஷ் குழு 'சிக்ஸ்டீன் ஸ்டோன்' என்ற முதல் ஆல்பத்தோடு வந்தது. அமெரிக்க விமர்சகர்கள் நகல் என்று கிழித்தார்கள், மக்கள் அறுபது லட்சம் பிரதிகள் வாங்கினார்கள். ஆஸ்திரேலியாவின் நியூகாசிலிலிருந்து பதினைந்து வயதுப் பையன்கள் மூன்று பேர் சில்வர்சேர் என்ற பெயரில் 1995-இல் 'ஃப்ராக்ஸ்டாம்ப்' கொடுத்தார்கள். 1997-இல் ஃப்ளோரிடாவிலிருந்து கிரீட் குழுவின் 'மை ஓன் பிரிசன்'.

இவை எல்லாமே பொய் என்று சொல்ல மாட்டேன். சில்வர்சேரின் முதல் ஆல்பத்தில் இருக்கும் பதின்வயதுப் பதற்றம் நிஜமானது. புஷ் ஆல்பத்தில் நல்ல பாட்டுகள் உண்டு. ஆனால் அந்த அலை அவ்வளவு பெரிதானதற்கு இசையைத் தவிர வேறு காரணமும் இருந்தது. 1996 பிப்ரவரியில் அமெரிக்காவில் தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது. ஒரு நிறுவனம் நாடு முழுக்க இத்தனை ரேடியோ நிலையங்கள்தான் வைத்திருக்கலாம் என்ற வரம்பு அதோடு போயிற்று. சில ஆண்டுகளில் கிளியர் சேனல் என்ற ஒரே நிறுவனத்திடம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்கள். ஊருக்கு ஊர் வேறு வேறு பாட்டு போட்டுக்கொண்டிருந்த இடங்களில் ஒரே பட்டியல் ஓடத் தொடங்கியது. எல்லா ஊரிலும் யாரையும் விரட்டாத பாட்டுதான் அந்தப் பட்டியலில் ஏறும். கிரஞ்சின் சத்தம் மிச்சமிருந்தது, அதன் முரட்டுத்தனம் மெல்ல மெல்ல இழைக்கப்பட்டது.

அந்த அலையின் பாடகர்கள் பலரும் எடுத்துக்கொண்டது கிரஞ்சின் துயரத்தை. நொந்த குரல், இறுகிய முகம், இருண்ட வரிகள். அந்தத் துயரத்துக்குப் பக்கத்தில் மூன்றரை வருடம் உட்கார்ந்திருந்தவர், அதை நேரடியாக இழந்தவர், தன் ஆல்பத்தில் அதை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. மெல்லிய குரலில், பீட்டில்ஸ் போன்ற மெட்டில், தீனிக்கடைப் பெயர்களை வைத்துப் பாடினார். சொந்தத் துக்கத்தைச் சரக்காக்கக் கூடாது என்ற கூச்சம் அவரிடம் இருந்தது என்று நினைக்கிறேன். அன்றைய நிலையில் கோபேனைப் பற்றி ஒரே ஒரு உருக்கமான பாட்டு வைத்திருந்தால் அது உலகம் முழுக்க ஓடியிருக்கும். அவர் வைக்கவில்லை. 'போஸ்ட்' என்றால் பின்னால் வந்தது என்று அர்த்தம். கிரஞ்சுக்குப் பின்னால் என்ற அந்தச் சொல், வேறு யாரையும்விட இந்த ஆல்பத்துக்குத்தான் நேர் அர்த்தத்தில் பொருந்துகிறது.

அடுத்த ஆல்பம் 1997-இல் வந்த 'த கலர் அண்ட் த ஷேப்'. இப்போது நிஜமாகவே நான்கு பேர் கொண்ட குழு. ஆனால் பதிவின் நடுவில் கோல்ட்ஸ்மித் வாசித்த டிரம்ஸில் பெரும்பகுதியை க்ரோல் தானே திரும்ப வாசித்துவிட்டார். மனம் நொந்த கோல்ட்ஸ்மித் விலகினார். அவர் காயப்பட்டது நியாயம்தான். தனியாகவே எல்லாவற்றையும் செய்து பழகியவருக்கு, அந்த நாற்காலியை இன்னொருவரிடம் விடுவது எளிதாக இருக்கவில்லை. பிறகு டெய்லர் ஹாக்கின்ஸ் வந்தார். அவரிடம் விட்டார். கால் நூற்றாண்டு அந்த இடம் ஹாக்கின்ஸுடையது. க்ரோல் மேடையில் பாடும்போது பின்னால் திரும்பிச் சிரித்தது அவரைப் பார்த்துத்தான்.

2022 மார்ச் 25 அன்று கொலம்பியாவின் பொகோட்டா நகரத்தில், சுற்றுப்பயணத்தின் நடுவே, ஹாக்கின்ஸ் இறந்தார். அதே ஆண்டில் க்ரோலின் அம்மாவும் காலமானார். 2023 ஜூனில் 'பட் ஹியர் வீ ஆர்' வந்தது. இந்த முறை வரிகளில் எதையும் மறைக்கவில்லை, இழந்தவர்களைப் பற்றியே பாடினார். குழுவில் ஆட்கள் இருந்தார்கள், வெளியிலிருந்து வாசிக்க வரத் தயாராக இருந்த நல்ல டிரம்மர்களுக்கும் பஞ்சம் இல்லை. அந்த ஆல்பம் முழுவதிலும் டிரம்ஸ் வாசித்தவர் டேவ் க்ரோல்.